காந்தம் ஒட்டினால் போலியா?

சுயதொழிலுக்குப் பாத்திரம் வாங்கப் போகும் சகோதரிகள் சிலர் சிறு காந்தம் ஒன்றையும் கையோடு கொண்டுபோவர். காந்தம் ஒட்டினால் அது நல்ல சில்வர் இல்லை என்பது எம்மிடையே உள்ள நம்பிக்கை. அது பாதி உண்மையே. கடன் எடுத்த காசில் வாங்குபவர்கள் மீதிப் பாதியையும் தெரிந்திருக்க வேண்டும்.

நாம் சில்வர் என்று சொல்வது இரும்புடன் குரோமியம் கலந்த உருக்காகும். குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேற்பரப்பை மூடுகிறது. கறள் பிடிக்காமல் காப்பது அந்தப் படலமே.

பாத்திரங்களில் இரண்டு வகைகள் முக்கியமானவை. 304 என்ற வகையில் குரோமியம் சுமார் 18 வீதமும் நிக்கல் சுமார் 8 வீதமும் உண்டு. இதில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 430 என்ற வகையில் குரோமியம் 16 முதல் 18 வீதம் வரை உண்டு. நிக்கல் மிகச் சொற்பம். இதில் காந்தம் நன்றாக ஒட்டும். நிக்கல் விலை கூடிய உலோகம் என்பதால் 430 மலிவானது. கரண்டியின் பின்புறத்தில் 18/0 என்று இருந்தால் அது நிக்கல் சேர்க்காத வகை.

ஆகவே 430 போலி அல்ல. கரண்டி, தட்டு, மூடி, காஸ் அடுப்பின் மேற்தகடு ஆகியவற்றுக்கு அது போதுமானது. இன்டக்ஷன் அடுப்புக்கோ காந்தம் ஒட்டும் அடிப்பாகம்தான் வேண்டும்.

அதன் பலவீனம் உப்பு. உப்புநீர் நாட்கணக்கில் நின்றால் படலம் உடைந்து, ஊசித்துளை போலக் கறள் புள்ளிகள் விழும். 304 அதைவிடத் தாங்கும். எனினும் ஊறுகாய் போடுபவர்களுக்குக் கண்ணாடிப் போத்தலோ மண் சாடியோதான் நல்லது. கரையோரக் கிராமங்களிலும் உவர்க் கிணறு உள்ள இடங்களிலும் பாத்திரத்தைக் கழுவியவுடன் துடைத்துக் காயவையுங்கள். பிளீச்சிங் தூள் கரைத்த நீரில் ஊறவிட வேண்டாம். இரும்புக் கம்பிப் பஞ்சால் தேய்க்கவும் வேண்டாம். அதிலிருந்து உதிரும் துகள்கள் கறள் பிடித்துப் பாத்திரத்தையும் கெடுக்கும்.

காந்தம் ஒட்டாதவை எல்லாம் 304 என்றும் எண்ண வேண்டாம். நிக்கலைக் குறைத்து மங்கனீசு சேர்த்த மலிவான வகையிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் அது 304ஐ விட விரைவில் கறள் பிடிக்கும். எனவே வகை என்னவென்று கடைக்காரரிடம் கேளுங்கள். அதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். 304இன் விலை சொல்லும் பாத்திரத்தின் பக்கச் சுவரில் காந்தம் இறுக ஒட்டினால் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தனியே கேட்கத் தயக்கமாக இருந்தால் மாதர் சங்கமாகச் சேர்ந்து போங்கள். கேட்கும் துணிவும் வரும்; விலையும் பேசலாம்.