குரலுக்குப் பணிய மறுப்பது

எங்க சித்தப்பா மகனுக்குப் பத்து வருஷமாகக் காதில் ஒரு குரல் கேட்கிறது. "செருப்பைக் கழட்டுடா" என்று அதட்டும். நடுத்தெருவில் கழற்றிக் கையில் பிடித்தபடி நிற்பான். கோடாங்கி பேய் என்றார். டாக்டர் மாத்திரை எழுதினார். மாத்திரையில் குரல் தணிந்தது, போகவில்லை. அது என்ன சொல்கிறது, யாருடைய குரல் என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. பேங்க் கவுண்டரில் நாள்முழுக்க அடுத்தவர் கணக்கைச் சரிபார்க்கிற நானும்தான். "ஒண்ணுமில்லடா, பிரமை" என்று வாயடைத்தேன்.

கேட்பதையே வைத்தியமாக்கிய முறை ஒன்று உண்டு. சி.பி.டி. என்கிறார்கள். சிந்தனையையும் நடத்தையையும் சேர்த்துப் பார்க்கும் பேச்சுச் சிகிச்சை. பிரமையில் சிக்கிய ஒருவருக்குப் பேச்சின் மூலமே சிகிச்சை தந்ததை அமெரிக்க டாக்டர் ஆரன் பெக் 1952லேயே எழுதினார். 1990களில் பிரிட்டனில் இது வளர்ந்தது. 'நீ சொல்வது பொய்' என்று அடிப்பதில்லை. குரலுக்கு அவ்வளவு சக்தி என்று எதை வைத்து நம்புகிறாய்? ஒருமுறை பணியாமல் இருந்தால் என்ன ஆகும்? சேர்ந்தே சோதித்துப் பார்க்கிறார்கள்.

மேக்ஸ் பிர்ச்வுட் குழுவினர் கண்டது நமக்கு முக்கியம்: மற்ற மனிதர்முன் தன்னைக் கீழாக நினைப்பவர், குரலின் முன்னும் கீழாகவே நிற்கிறார். கட்டளையிடும் குரல் கேட்கும் 197 பேரிடம் அவர்கள் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. பதினெட்டு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதம் பேர் குரலுக்குப் பணிந்திருந்தார்கள். பேச்சுச் சிகிச்சையும் பெற்றவர்களில் 28 சதவீதம்.

இது மந்திரமில்லை. பலன் சிறிதுதான் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால் இங்கிலாந்தின் 2014ஆம் வருட வழிகாட்டி, நோயாளியோடு தனியே உட்கார்ந்து குறைந்தது 16 தடவை பேசச் சொல்கிறது. எங்களுக்குக் கிடைத்தது அரை நாள் வரிசை, ஐந்து நிமிஷ டாக்டர்.

தோழர்களே, இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. "ஊர்த்தெருவுல போனா அடிப்பாங்க" என்று சேரிப் பையன் சொன்னால் அது பிரமையா? சாதி தெரியாத வைத்தியர் அதையும் நோய்க்குறி என்று எழுதிவிடுவார். சான்றைப் பார்க்கிற சிகிச்சை என்றால், எங்கள் முதுகுத் தழும்பும் சான்றுதான். நடந்தது எது, நோய் சேர்த்தது எது என்று பிரித்தறியத் தெரிந்தவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் வேண்டும். நம் பிள்ளைகள் இந்தப் படிப்புக்குப் போகவேண்டும்.

போன மாசம் முதல்தடவையாக அவனிடம் கேட்டேன், "யாரு குரல் மாதிரிடா இருக்கு?"

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, அவன் சின்ன வயசில் மாடு மேய்த்த வீட்டு ஆண்டையின் பேரைச் சொன்னான்.

"அவரு செத்து ஆறு வருஷமாச்சேடா."

"தெரியும்ணே. எழவு சொல்லப் போனதே நான்தானே."