‘கேம் எப்படி மச்சி?’ - நண்பர்கள் சொல்லும் பதிலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

சினிமா டிக்கெட் சுமார் 200 ரூபாய். படம் மொக்கை என்றால் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிடலாம். போனது 200 ரூபாயும் ஒரு சாயங்காலமும்தான். பிளேஸ்டேஷன் 5-க்கு ஒரு பெரிய புது கேம் வாங்க இந்தியாவில் சுமார் 5,000 ரூபாய் ஆகிறது. அது மொக்கையாக இருந்தால்?

பிளேஸ்டேஷன் ஸ்டோரில் வாங்கிய கேமை டவுன்லோடு செய்யத் தொடங்கிவிட்டாலே, அதில் கோளாறு இருந்தாலொழிய பணம் திரும்பாது. நின்டெண்டோவின் இ-ஷாப்பில் பொதுவாக விற்றது விற்றதுதான். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் மட்டும் கொஞ்சம் தாராளம். வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் 60 மணி நேரம் ஓடும் ஒரு கேமின் முதல் 2 மணி நேரம் என்பது, பல சமயம் கேரக்டரின் மூக்கையும் முடியையும் தேர்ந்தெடுப்பதிலேயே போய்விடும்.

அதனால்தான் புது கேம் வந்த வாரத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கேள்வி சுற்றிக்கொண்டிருக்கிறது. யார் முதலில் வாங்கினாரோ அவர்தான் அன்றைக்கு ஹீரோ. “செம”, “மரண மாஸ்”, “வெயிட் பண்ணு, ஆஃபர்ல வாங்கிக்கலாம்” என்று அவர் சொல்லும் இரண்டு வார்த்தையை நம்பி இன்னும் நாலு பேர் கார்டை எடுக்கிறார்கள். இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்க முடியாது. 10-க்கு 9 என்று மார்க் போடும் தொழில்முறை விமர்சனத்தைவிடப் பல நேரங்களில் இந்தப் பேச்சுதான் வாங்குபவருக்கு அதிகம் உதவுகிறது. ஆனால் அது சரியாகப் பேசப்பட வேண்டும். பெரும்பாலும் அப்படிப் பேசப்படுவதில்லை என்பதுதான் சிக்கல்.

மார்க் சரி, மெஷின் வேற!

2020 டிசம்பர் 10. போலந்து நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் ரெட், ‘சைபர்பங்க் 2077’ கேமை வெளியிட்டது. பல வருட எதிர்பார்ப்பு, கேமுக்குள் கியானு ரீவ்ஸ் வேறு. வெளியீட்டுக்கு முன்பே வந்த விமர்சனங்கள் 100-க்கு 90-ஐ ஒட்டி மார்க் போட்டிருந்தன. பார்த்தவர்கள் நம்பி வாங்கினார்கள்.

அந்த மார்க்குகளில் பொய் இல்லை. ஆனால் விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டது கணினிப் பதிப்பு. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்புகளை வெளியீட்டு நாள்வரை அவர்கள் கண்ணில் காட்டவே இல்லை. பழைய கன்சோலில் போட்டவர்களுக்குக் கிடைத்தது வேறு அனுபவம். படம் திக்கித் திக்கி ஓடியது, முகங்கள் மங்கலாகத் தெரிந்தன, கேம் அடிக்கடி தானாக மூடிக்கொண்டது. நான்கே நாளில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஒரே வாரத்தில் சோனி தன் ஸ்டோரிலிருந்தே கேமைத் தூக்கிவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. கேம் மறுபடியும் அங்கே விற்பனைக்கு வர 2021 ஜூன் ஆனது.

அந்த முதல் வாரத்தில் உண்மையைச் சொல்லும் இடத்தில் இருந்தவர் யார்? பழைய பிளேஸ்டேஷன் 4-இல் கேமைப் போட்டுவிட்டு “டேய், வாங்காத. ஓடவே மாட்டேங்குது” என்று சொன்ன நண்பர்தான். அவருக்கு விமர்சகரைவிட அதிகம் தெரியும் என்பதல்ல காரணம். கேட்பவர் வீட்டில் இருக்கும் அதே மெஷின் அவர் வீட்டிலும் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கதை அதோடு முடியவில்லை. நிறுவனம் விடாமல் அப்டேட் கொடுத்தது. 2023 செப்டம்பரில் கேமின் பல அடிப்படை விஷயங்களையே மாற்றி எழுதியது. 2025 ஜூன் 5-ஆம் தேதி நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வெளிவந்த அன்றைக்கே, அதே சைபர்பங்க் கையடக்க வடிவிலும் வந்தது. எந்தக் கேமைப் பழைய டிவி கன்சோல் தாங்கவில்லையோ, அதை இப்போது பஸ்ஸில் உட்கார்ந்தபடி விளையாடலாம். 2020-இல் “வாங்காத” என்று சொன்ன நண்பரின் வார்த்தை அன்றைக்கு நூற்றுக்கு நூறு சரி. அதை அவர் 2025-இலும் சொல்லிக்கொண்டிருந்தால் தப்பு. கேம் பற்றிய கருத்துக்கும் பால் பாக்கெட் மாதிரி ஒரு தேதி போட வேண்டியிருக்கிறது.

5,000 ரூபாய் கொடுத்தவர் எப்படிக் குறை சொல்வார்?

நண்பர்கள் எல்லாரும் நேர்மையின் சிகரங்களும் அல்ல. காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருளை “ஏமாந்துட்டேன்” என்று சொல்ல மனசு வருமா? வராது. அதற்கு உளவியலில் ஒரு பழைய, பிரபலமான சோதனை உண்டு.

1956-இல் ஜாக் பிரேம் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் ஆய்வை வெளியிட்டார். டோஸ்டர், ரேடியோ போன்ற வீட்டுப் பொருட்களைக் கொடுத்து, எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பெண்களிடம் மதிப்பிடச் சொன்னார். பிறகு இரண்டு பொருட்களைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொன்னார். தேர்ந்தெடுத்த பிறகு மறுபடியும் மதிப்பிடச் சொன்னபோது, கையில் எடுத்த பொருளின் மதிப்பு ஏறியிருந்தது. விட்ட பொருளின் மதிப்பு இறங்கியிருந்தது. பொருள் அதேதான். மாறியது மனசு. இத்தனைக்கும் அவர்கள் அதற்குக் காசு கொடுக்கவில்லை. சும்மா கிடைத்த டோஸ்டருக்கே இந்த விசுவாசம் என்றால், இ.எம்.ஐ. போட்டு வாங்கிய கன்சோலுக்கும் 5,000 ரூபாய் கேமுக்கும் எவ்வளவு இருக்கும்?

அதனால் முதல் நாள் ராத்திரி வரும் “செம கேம்டா” என்ற மெசேஜில் பாதி கேமுக்கானது, மீதி செலவுக்கானது. ‘பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா’ என்று நண்பர்களுக்குள் வருடக்கணக்காக நடக்கும் சண்டைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. இரண்டையும் வாங்கிவைத்திருப்பவர்கள் அந்தச் சண்டைக்குப் பெரும்பாலும் வருவதில்லை என்பதைக் கவனிக்கலாம்.

இதற்கு மருந்து, கேள்வியை மாற்றிக் கேட்பது. “நல்லாருக்கா?” என்று கேட்டால் “ம், நல்லாருக்கு” என்றுதான் வரும். “எத்தனை மணி நேரம் ஆடின?” என்று கேட்டால் எண் வந்தாக வேண்டும். “நேத்து ஆடினியா?” என்பது அதைவிடக் கறாரான கேள்வி. மூன்று வாரத்துக்கு முன் ‘மரண மாஸ்’ என்று சொன்ன கேமை நேற்று அவர் தொடவே இல்லை என்றால், அவர் வாயைவிட அவர் கை உண்மையைச் சொல்கிறது.

கையடக்க கேம் என்றால் கணக்கே வேறு

டிவியில் போட்டு ஆடும் கன்சோலைவிட ஸ்விட்ச், ஸ்டீம் டெக் மாதிரிக் கையில் வைத்து ஆடும் கருவிகளில்தான் நண்பரின் அனுபவத்துக்கு மவுசு அதிகம். கேமின் கதையும் கிராஃபிக்ஸும் யூடியூபிலேயே தெரிந்துவிடும். கையில் பிடித்தால் எப்படி இருக்கும் என்பது வீடியோவில் தெரியாது.

‘தி விட்சர் 3’ இதற்கு நல்ல உதாரணம். 2015-இல் வந்த மிகப் பெரிய கேம். 2019 அக்டோபரில் அதைச் சுருக்கி ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தார்கள். கையில் வைத்து ஆடும்போது அதன் திரைத்துல்லியம் அதிகபட்சமே 540பி. இன்றைய போனில் யூடியூப் வீடியோவைக்கூட அந்தத் தரத்தில் யாரும் விரும்பிப் பார்ப்பதில்லை. காகிதத்தில் பார்த்தால் இது தோல்வி. ஆனால் சின்னத் திரையில் அந்த மங்கல் பலருக்கு உறுத்தவில்லை. படுக்கையில் சாய்ந்தபடி அவ்வளவு பெரிய உலகத்தைச் சுற்ற முடிந்ததே என்ற சந்தோஷம் ஜெயித்தது. இதை எண்ணை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. ஆடியவர் சொல்ல வேண்டும்.

பேட்டரியும் அப்படித்தான். முதல் ஸ்டீம் டெக்குக்கு வால்வ் நிறுவனம் சொன்ன கணக்கு 2 முதல் 8 மணி நேரம். இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம்! சென்னையிலிருந்து திருச்சி போகும் ரயிலில் எந்த கேம் வழி முழுக்கத் தாங்கும், எது செங்கல்பட்டு தாண்டியதும் படுத்துவிடும் என்பது ஆடிப் பார்த்த நண்பருக்குத்தான் தெரியும். எழுத்து படிக்க முடிகிற அளவில் இருக்கிறதா, விசிறிச் சத்தம் பக்கத்தில் தூங்குபவரை எழுப்புமா, நடுவில் அணைத்துவிட்டு மறுபடி எடுத்தால் விட்ட இடத்திலிருந்தே தொடங்குமா என்பதெல்லாம் அதே வகை.

இந்தியாவில் இன்னொரு காரணமும் சேர்கிறது. ஸ்விட்ச், ஸ்டீம் டெக் இரண்டுமே இங்கே அதிகாரப்பூர்வமாகக் கடை விரித்தவை அல்ல. ரிச்சி தெருவிலோ, ஆன்லைனில் ஏதோ ஒரு இறக்குமதியாளரிடமோ, துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் உறவினர் பெட்டியிலோதான் வந்து சேர்கின்றன. கடையில் போய்த் தொட்டுப் பார்த்து வாங்கும் வசதி குறைவு. ரிப்பேர் என்றால் எங்கே கொண்டுபோவது என்பதே ஒரு கேள்வி. ஏற்கெனவே வாங்கிய நண்பர்தான் இங்கே ஷோரூம், அவர்தான் சர்வீஸ் சென்டர்.

நண்பருக்குக் கேட்பவரின் வாழ்க்கையும் தெரியும். ‘எல்டன் ரிங்’ மாதிரி ஒரு கேமில் வழக்கமான பாஸ் பட்டன் கிடையாது. விமர்சகருக்கு அது ஒரு வடிவமைப்பு முடிவு. ஆறு மாதக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு? “உனக்கு இது இப்போ செட் ஆகாதுடா, பாப்பா கொஞ்சம் பெருசாகட்டும்” என்று எந்த இணையதளமும் எழுதப்போவதில்லை.

சொன்னதோடு கேமையும் கொடுத்த காலம்

90-களில் தமிழ்நாட்டு வீடுகளில் இருந்த டிவி கேம்களை நினைத்துப் பாருங்கள். ‘64 இன் 1’ என்று எழுதிய கேசட்டில் மாரியோவும் கான்ட்ராவும் இருக்கும். “சூப்பரா இருக்குடா” என்று சொன்ன பையன் அடுத்த நிமிடமே கேசட்டைக் கழற்றிக் கையில் கொடுப்பான். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் திரும்பிவிடும். கருத்தும் பொருளும் ஒன்றாகவே கைமாறின. அதனால் பீலா விட முடியாது. டிஸ்க் வந்த பிறகும் இது தொடர்ந்தது.

இந்தப் பழக்கத்துக்கு நிறுவனங்கள் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை 2013 காட்டியது. எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த விதிகளில் ஒன்று இது: டிஸ்க் கேமை நண்பருக்குக் கொடுக்கலாம். ஆனால், அவர் 30 நாளாவது ஃபிரெண்ட்ஸ் லிஸ்ட்டில் இருந்திருக்க வேண்டும். ஒரு கேமை ஒரே ஒரு முறைதான் கொடுக்க முடியும். சோனி உடனே ஒரு குட்டி வீடியோவை வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 4-இல் கேமைப் பகிர்வது எப்படி என்று பாடம் எடுப்பதுபோல் தொடங்கும் அந்த வீடியோவில், சோனியின் ஷூஹே யோஷிடா கேம் பெட்டியைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுவார். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார். வீடியோ அவ்வளவுதான். எதிர்ப்பு தாங்காமல் ஜூன் 19-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விதிகளைத் திரும்பப் பெற்றது.

அன்று கேலி செய்த சோனியே 2024 நவம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிஸ்க் டிரைவ் இல்லை. வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். 2013-இல் விதி போட்டுத் தடுக்கப் பார்த்ததை இப்போது யாரும் தடுக்கவே தேவையில்லை. டவுன்லோடு செய்த கேமில் கைமாற்ற எதுவும் இல்லை. இதில் வாங்குபவர்களுக்கும் பங்கு உண்டு. ராத்திரி 12 மணிக்கு பட்டனை அழுத்தியதும் கேம் வந்துவிடும் வசதியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஸ்விட்ச் 2-இல் நின்டெண்டோ பாதி வழி வந்திருக்கிறது. அதன் ‘கேம் கீ கார்டு’களில் கேம் இருக்காது, சாவி மட்டும்தான் இருக்கும், கேமை டவுன்லோடு செய்துகொள்ள வேண்டும். ஆனாலும் கார்டை நண்பருக்குக் கொடுத்தால் அவரால் ஆட முடியும். டவுன்லோடாக வாங்கிய கேம்களுக்கு ‘விர்ச்சுவல் கேம் கார்டு’ என்றொரு ஏற்பாடு. அதை 14 நாட்களுக்கு இரவல் கொடுக்கலாம், ஆனால் ஒரே ‘ஃபேமிலி குரூப்’பில் இருப்பவர்களுக்கு மட்டும். அந்தக் குரூப்பில் அதிகபட்சம் 8 பேர். கேம் பக்கமே வராத அத்தை மகனுக்கு அதில் இடம் இருக்கலாம். பத்து வருடமாக ஒன்றாக ஆடும் நண்பரைக் ‘குடும்பம்’ என்று கணக்குக் காட்டித்தான் சேர்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான வழியில் போன நிறுவனமும் உண்டு. ஸ்வீடனின் ஹேஸ்லைட் ஸ்டூடியோஸ் செய்யும் கேம்கள் இரண்டு பேர் சேர்ந்து ஆடுபவை. ஒருவர் வாங்கினால் போதும், ‘ஃபிரெண்ட்ஸ் பாஸ்’ மூலம் இன்னொருவர் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். 2025 மார்ச் 6-ஆம் தேதி வந்த அவர்களின் ‘ஸ்பிளிட் ஃபிக்‌ஷன்’ கேமில் இரண்டு பேரிடமும் ஒரே வகை மெஷின்கூட இருக்க வேண்டியதில்லை. பாதிப் பேருக்குச் சும்மா கொடுத்த அந்த கேம், முதல் ஒரு வாரத்தில் 20 லட்சம் பிரதிகள் விற்றது.