எத்தனை தடவைதான் அறுப்பார்கள்?

கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்க ஹார்லிக்ஸோடு வருகிறவர்கள் போகிற போக்கில் மூன்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டாவது தடவை கத்தி வைத்தாலே முதல் டாக்டர் சொதப்பிவிட்டார். எலும்பு கூடும்வரை காலை அசைக்கவே கூடாது. ஆட்டுக்கால் சூப் குடித்தால் எல்லாம் சேர்ந்துவிடும்.

முதல் தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தொட்டுப் பாருங்கள். எலும்புக்கு மேல் தோல்தான், சதை இல்லை. பைக் விபத்தில் அந்த எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து ரோட்டு மண்ணை அள்ளிக்கொள்கிறது. சுத்தமான காயத்தை ஒரே நாளில் சரிசெய்து மூடிவிடலாம். மண் ஏறி நசுங்கிய காலில் அது நடக்காது. முதலில் கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்து, வெளியே கம்பிச் சட்டம் மாட்டுவார்கள். எந்தச் சதை பிழைக்கும் என்று முதல் நாள் முழுதாகத் தெரியாததால், ஓரிரு நாளில் மறுபடி திறந்து பார்ப்பார்கள். அப்புறம் பிளாஸ்டிக் சர்ஜன் வேறு இடத்துச் சதையால் மூடுவார். பிறகு எலும்புக்குள் ராடு. எலும்பு சிதறிப்போன இடைவெளிக்கு இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பது தனி. யாரும் எதையும் சொதப்பாமலே ஐந்து ஆபரேஷன் ஆகிவிட்டது.

இந்த வழியில் இறங்கலாமா என்பதையே டாக்டர்கள் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழு 2006-ல் வெளியிட்ட மதிப்பெண் முறையில் தோல், எலும்பு, தசை, நோயாளியின் உடல்நிலை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை 14 வரை என்றால் காலைக் காப்பாற்றலாம். 17-க்குப் போனால் எடுத்துவிடுவதே பெரும்பாலும் நல்லது. இடைப்பட்டவர்களுக்கு ஆளைப் பார்த்து முடிவு.

தவறால் நடக்கும் மறு ஆபரேஷன்களும் உண்டுதான். ஆனால் எண்ணிக்கையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்தது என்ன, எதற்கு என்று முன்கூட்டியே சொன்னார்களா என்று கேளுங்கள். எக்ஸ்ரே ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள்.

காலை அசைக்கவே கூடாது என்கிற இரண்டாவது தீர்ப்புதான் அதிகம் கெடுக்கிறது. பாரம் ஏறினால்தான் எலும்பு வலுக்கும் என்று ஜெர்மன் டாக்டர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். எலும்பு கூடத் தாமதமானால் ராடின் ஒரு பக்க ஸ்க்ரூவைக் கழற்றிவிடுவதும் ஒரு சிகிச்சை. பாரம் எலும்பில் இறங்கட்டும் என்றுதான். சைபீரியாவின் குர்கான் நகரில் டாக்டர் இலிசரோவ், எலும்பைப் பிடித்து நிறுத்தும் ரிங்கை வெளியே மாட்டிய காலோடேயே ஆட்களை நடக்கவிட்டார். 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கிய வலேரி புரூமெல், மறு வருடமே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, பல ஆபரேஷன்கள் கைகொடுக்காமல் கடைசியில் அவரிடம்தான் போனார். பிறகு மறுபடி 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். அந்த ரிங்கை வைத்து எலும்பை வளர்க்கவும் செய்யலாம்; வேகம் நாளுக்கு 1 மில்லிமீட்டர். அதையும் கால் கால் மில்லிமீட்டராக நான்கு வேளை நட்டைத் திருக வேண்டும். நம் வீடுகளில் ஸ்பானரோடு அந்த வேலையைப் பார்ப்பது பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான்.

அதற்காக இஷ்டத்துக்கு எழுந்து நடக்கச் சொல்லவில்லை. பிசியோதெரபியில் எடை மெஷின் மேல் காலை வைத்து, முள் 20 கிலோவுக்கு வரும்வரை அழுத்தப் பழக்குவார்கள். எத்தனை கிலோ, எப்போது என்பதை சர்ஜன்தான் சொல்ல வேண்டும். மூட்டை ஒட்டிய முறிவென்றால் பல வாரம் ஊன்றவே விடமாட்டார்கள். அப்போதும் முழங்காலும் கணுக்காலும், டாக்டர் வேண்டாமென்று சொல்லாதவரை, அசைந்துகொண்டே இருக்க வேண்டும். பாசத்தில் முழங்காலுக்கு அடியில் தலையணை செருகும் அத்தைமார்கள் கவனிக்கவும்: மடங்கிய முழங்கால் அப்படியே இறுகிவிடும். செருகுவதானால் குதிகாலுக்கு அடியில்.

சூப் ருசிதான், குடிக்கட்டும். அதில் இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டின், கால்சியம் சொற்பம். முட்டை, மீன், பயறு இன்னும் உபயோகம். சர்க்கரை நோய் இருந்தால் அது கட்டுக்குள் இருந்தாக வேண்டும். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். ஆகவே பேஷண்டை வீல்சேரில் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் பெட்டிக்கடைக்குப் போகும் மச்சானை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.