சொல்லை எதிர்த்தோம், சாதியை எதிர்த்தோமா?



'இண்டர்லோக்' நாவலைப் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். நம் கெடா மாநிலத்து யானில் பிறந்த அப்துல்லா உசேன் எழுதி 1971இல் வெளிவந்த மலாய் நாவல் அது. 2011இல் ஐந்தாம் படிவத்திற்கு இலக்கியப் பாடநூலாக அது வைக்கப்பட்டபோது நம் சமுதாயமே கொதித்தெழுந்தது. கப்பலேறி வந்த இந்தியர் அனைவரும் 'பறையா' சாதியினரே என்று பொருள்படும் வரிகள் அதில் இருந்தன. கூட்டங்கள் நடந்தன; கண்டன அறிக்கைகள் வந்தன; காவல் நிலையங்களில் புகார்கள் செய்யப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் நாவல் பள்ளிகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. வென்றுவிட்டோம் என்று மகிழ்ந்தோம்.

எதை வென்றோம் என்று இன்றளவும் எனக்கு விளங்கவில்லை!

எதிர்ப்பில் நியாயம் இருந்தது. பல சாதியினரும் பல ஊரினரும் இந்நாட்டுக்குப் புலம்பெயர்ந்த வரலாற்றை ஒற்றை வரியில் அடக்கியது பிழை. அச்சொல் இந்நாட்டில் வசைச்சொல்லாகப் புழங்குவதும் உண்மை. ஆனால், அந்நாள்களில் நம்மவர்கள் தேநீர்க் கடைகளிலும் ஆசிரியர் அறைகளிலும் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். "யாரையும் அப்படி இழிவாகச் சொல்லாதே" என்று சிலர் சொன்னார்கள். "எங்களைப் போய் அவர்களோடு சேர்த்துவிட்டானே!" என்று மிகப்பலர் சொன்னார்கள். இவ்விரண்டும் ஒரே எதிர்ப்பா? இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னவருக்கு அந்த வசை பிடித்தே இருக்கிறது. அது தம்மீது விழுந்ததுதான் பிடிக்கவில்லை. பறையர் என்பது பறையிசைத்த மக்களின் பெயர். அந்தப் பெயரை இழிசொல்லாக்கிய பெருமை மலாய் எழுத்தாளருக்கு உரியதன்று, நம்முடையது. ஆங்கிலத்துக்கும் அதை நாம்தான் ஏற்றுமதி செய்தோம்.

அந்த இரண்டாவது வாக்கியம் காதில் விழும் தொலைவில், அந்தச் 'சிலருடைய' பேரப்பிள்ளை ஒன்று நம் வகுப்பறையில் அமர்ந்திருந்ததே, அதை எவரேனும் எண்ணிப் பார்த்தோமா?

"மலேசியாவில் சாதி ஏது ஐயா? அதெல்லாம் இந்தியாவில்!" என்பார்கள். சாதி நம்மோடு கப்பலில்தான் வந்தது. கங்காணிகள் தத்தம் ஊரிலும் உறவிலும் ஆள்சேர்த்து வந்தார்கள். பல தோட்டங்களில் ஆதிதிராவிடர்க்குத் தனி லயம் இருந்தது. வெள்ளைக்கார நிர்வாகமும் சண்டை சச்சரவு வேண்டாமென்று அதை அப்படியே வைத்துக்கொண்டது. பால் வாளியைத் தூக்குவதில் வேறுபாடு இல்லை. தண்ணீர் குடிப்பதில் வேறுபாடு உண்டு. இராஜகிருஷ்ணன் இராமசாமி இந்நாட்டுத் தமிழரின் சாதி உணர்வைப் பற்றி 1984இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். இல்லாத ஒன்றைப் பற்றியா நூல் எழுதுவார்கள்?

பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, லயங்கள் இடிந்தன, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். தனி லயம் போயிற்று. திருமணப் பேச்சு எழும்போது மட்டும் அந்த லயம் மீண்டும் எழுந்து நிற்கிறது. படித்த பிள்ளை, நல்ல வேலை, குணமான குடும்பம்... எல்லாம் பேசி முடித்தபின் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்க என்ன ஆளுங்க?" என்று ஒரு கேள்வி வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? காரின் பின்கண்ணாடியில் சாதிப் பெயரை ஒட்டிக்கொண்டு திரியும் இளைஞனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் யார்? தமிழ்நாட்டுத் திரைப்படம் என்று எளிதாகக் கைகாட்டிவிடுகிறோம். படம் மூன்று மணி நேரம் ஓடும். வீடு நாள் முழுதும் ஓடுகிறது.

அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. 1966இல் கருப்பின மக்களின் போராட்டத் தலைவர் ஸ்டோக்லி கார்மைக்கேல் வெள்ளை நண்பர்களைப் பார்த்து, உங்கள் மக்களிடம் போய் வேலை செய்யுங்கள், நோய் அங்கேதான் இருக்கிறது என்று பொருள்படப் பேசினார். அதே எண்ணத்தில் 2009இல் 'ஷோயிங் அப் ஃபார் ரேஷியல் ஜஸ்டிஸ்' என்ற அமைப்பு தோன்றியது. வெள்ளையர் வெள்ளையரிடமே பேசி, தம்முள் ஊறிய இனவெறியைத் தாமே களைய முயலும் அமைப்பு அது. எத்தனை பேர் திருந்தினார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சுமை யாருடையது என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருக்கிறது. அடிபட்டவனை அழைத்து, "எங்களுக்குப் பாடம் நடத்து" என்று அவர்கள் கேட்பதில்லை.

இது நமக்குப் புதிதும் அன்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானம் செய்தது. பட்டம் வைத்திருந்தவர்கள்தாமே அதை விட வேண்டும்! அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கினார். மலாயாத் தமிழரிடையே சீர்திருத்தச் சங்கங்கள் வலுப்பெற்றன. அந்த மரபின் பேரப்பிள்ளைகள் நாம், இன்று முகநூலில் பட்டத்தைத் தேடி எடுத்து ஒட்டிக்கொள்கிறோம்.

"நாமே சிறுபான்மை. நம் அழுக்கை வெளியே காட்டினால் மற்ற இனத்தார் சிரிப்பார்களே" என்று ஒரு மூத்த ஆசிரியர் என்னிடம் வருந்தினார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. 'கெலிங்' என்ற சொல்லைக் கேட்டு எரிந்த காது என்னுடையதும்தான். ஆனால், பிறர் நம்மைப் பிறப்பால் தாழ்த்தும்போது நாம் முன்வைக்கும் நியாயம் எதுவோ, அதே நியாயத்தை நம் வீட்டுப் பிள்ளை நம்மிடம் கேட்டால் என்ன விடை சொல்வோம்?

ஓர் எழுத்தைத் தவறாக எழுதிப் பழகிய மாணவனைத் திருத்துவது, எழுதவே தெரியாதவனுக்குக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். ஆசிரியர்கள் அறிவீர்கள். 'தவறு' என்று ஒருமுறை சொன்னால் போதாது. கை தானாகப் பழைய வழியில் போகும். பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு முறையும் நிறுத்த வேண்டும். சாதியும் அவ்வாறு கையில் பழகியதே. "நான் சாதி பார்ப்பதில்லை" என்று அறிவிப்பவரின் கை, பெண் கொடுக்கும் நேரத்தில் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அத்தகையோர் தம்மைப் போன்றோருடன் அமர்ந்து, வெட்கத்தை விட்டு, தம் வீட்டில் என்ன சொல்லி வளர்த்தார்கள் என்று பேசத் தொடங்க வேண்டும். அதற்கு மாநாடு வேண்டாம். பத்து நாற்காலி போதும்.

எந்தப் பிள்ளையையும் எழுப்பி, "உன் தாத்தா எந்த லயத்தில் இருந்தார்?" என்று கேட்க வேண்டாம் என ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தோட்ட வரலாற்றைச் சொல்லும்போது தனி லயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைக் கட்டிக் காத்தவர்கள் யாரென்றும் சொல்லுங்கள். பெற்றோர்களே, "அந்தப் பிள்ளையோடு உட்கார வேண்டாம்" என்று உங்கள் மகள் காதில் மட்டும் சொல்வதாக நினைக்கிறீர்கள். மறுநாள் காலை அவள் அதை வகுப்பில் உரக்கவே சொல்கிறாள். காரணம் கேட்டால், "அம்மா சொன்னாங்க" என்கிறாள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை, வயது எட்டு!

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில், கழிவறைப் பராமரிப்புக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் இடையே, இதற்கென அரைமணி நேரம் ஒதுக்குமாறு எழுத்துவழி கேட்டிருக்கிறேன். இதுவரை மறுமொழி இல்லை.