சாலிடரிங் மேசைக்கும் நிதி வேண்டும்

இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியத்துக்காக 1086இல் தோலில் எழுதப்பட்ட நிலக் கணக்கான டூம்ஸ்டே புத்தகத்தை இன்றும் வாசிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டையொட்டி 1986இல் பிபிசி வெளியிட்ட மின்னணு டூம்ஸ்டேயோ, சுமார் 15 ஆண்டுகளிலேயே திறக்க ஆளில்லாத பெட்டகம் போலாகிவிட்டது.

பத்து லட்சம் பேர், அவர்களில் ஏராளமான பள்ளிப் பிள்ளைகள், தங்கள் ஊரைப் பற்றித் திரட்டியவை அந்த லேசர் வட்டுகளில் இருந்தன. அவற்றைப் படிக்க பிபிசி மாஸ்டர் கணினியும் பிலிப்ஸின் தனிவகை பிளேயரும் தேவை. இரண்டுமே அரிதாகிவிட்டன.

2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கூட்டுத் திட்டம் வழிகண்டது. பழைய கணினியைப் போலவே இயங்கும் எமுலேட்டரில் டூம்ஸ்டே மீண்டும் ஓடியது.

அப்படியானால் எமுலேட்டரே போதுமா? போதாது. வட்டிலிருந்து தரவை எடுக்க, ஓடுகிற பழைய லேசர் வட்டு பிளேயர் வேண்டும்.

பழைய கருவிகள் சும்மா வைத்திருந்தாலும் அழிகின்றன. பிபிசி மைக்ரோ கணினியின் பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர்கள் விரிசல் விட்டு, ஈரம் உறிஞ்சி, மின்சாரம் பாய்ந்ததும் புகைகின்றன. அமிகா 2000 கணினியில் பேட்டரி கசிந்து செம்புத் தடங்களை அரிக்கிறது. இவற்றை மாற்றுவது அசலைக் கெடுப்பதாகாது; செய்த மாற்றத்தைக் குறித்துவைத்தால் போதும்.

ஆவணக்காப்பகங்கள் மென்பொருளுக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்கும் ஒதுக்க வேண்டும். சர்க்யூட் வரைபடங்களையும் கையேடுகளையும் தயாரிப்பாளர்கள் பொதுவில் வெளியிட வேண்டும்.