தன்னைச் சொல்லும் மூன்று வாக்கியங்கள்

இங்கிலீஷ் பாஷையைப் பத்து வருஷம் பயின்ற பையனிடம் ஷேக்ஸ்பியரைப் பற்றி ஒரு வியாசம் எழுதச் சொன்னால், நெட்டுருப் போட்டாவது இரண்டு பக்கம் எழுதிவிடுவான். "உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல், தம்பி" என்று அதே பாஷையில் கேட்டுவிட்டால் திகைத்து நிற்பான். ஆனால் கல்லூரி வாசலிலும் உத்தியோகசாலை வாசலிலும் முதன் முதலில் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். வயது என்ன, என்ன படிப்பு, எதில் விருப்பம் என்ற மூன்றுக்கும் மூன்று சிறு வாக்கியங்கள் போதும். இவ்வாரம் அவற்றையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் நம் தமிழைக் கவனியுங்கள். "எனக்குப் பதினைந்து வயது ஆகிறது", "எனக்குச் சித்திரம் எழுதப் பிடிக்கும்", "எனக்குக் கணக்கில் ஆசை உண்டு" என்கிறோம். எல்லாவற்றிலும் "எனக்கு" என்ற நான்காம் வேற்றுமையே முன் நிற்கிறது. வயது நமக்கு ஆகிறது. ஆசை நமக்கு உண்டாகிறது. இங்கிலீஷிலோ "ஐ" என்னும் எழுவாய் முதலில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறது. ஆகையால் சொல்லுக்குச் சொல் வைத்துக் கட்டினால் வாக்கியம் நிற்காது. கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அஸ்திவாரத்திலிருந்து புதிதாகக் கட்டவேண்டும்.

வயதைச் சொல்வதற்கு "ஐ ஆம் ஃபிஃப்டீன்" என்பதே போதும். "மை ஏஜ் ஈஸ் ஃபிஃப்டீன்" என்பது பிழையன்று. ஆனால் சர்க்கார் படிவத்தைப் பூர்த்தி செய்வது போலத் தொனிக்கும். "ஐ ஹாவ் ஃபிஃப்டீன் இயர்ஸ்" என்பது மட்டும் ஆகாது. பிரெஞ்சுக்காரர் தம் பாஷையில் வயதை "உடையவராக" இருப்பதால், இங்கிலீஷ் பேசும்போது இந்தக் குழியில் விழுவதுண்டு. தொல்லை நமக்கு மட்டும் அல்ல என்று ஆறுதல் கொள்ளலாம். இன்னொரு நுட்பம்: "ஃபிஃப்டீன் இயர்ஸ் ஓல்டு" என்னும்போது பன்மை உண்டு, "எ ஃபிஃப்டீன்-இயர்-ஓல்டு பாய்" என்று பையனுக்கு அடைமொழியாகும்போது பன்மை போய்விடும்.

"பதினாறு நடக்கிறது" என்னும் நம் வழக்கை "ரன்னிங் சிக்ஸ்டீன்" என்று பலர் மாற்றுகின்றனர். இங்கிலீஷ்காரருக்கு இது விளங்காது. அவர் நிரம்பிய வயதையே கணக்கிடுகிறார். சென்னிமலையில் பிறந்த ஒருவரையே உதாரணமாகக் கொள்வோம். கொடி காத்த குமரன் 1904 அக்டோபர் 4-ந் தேதி இவ்வூரில் பிறந்தார். 1932 ஜனவரி 10-ந் தேதி திருப்பூரில் தேசியக் கொடி ஏந்திச் சென்று, போலீசாரின் தடியடி பட்டு, மறுநாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு 27 நிரம்பி 28 நடந்துகொண்டிருந்தது. "ஹி வாஸ் ட்வென்ட்டி-செவன்" என்றாலும் சரி; "ஹி வாஸ் இன் ஹிஸ் ட்வென்ட்டி-எய்த் இயர்" என்றாலும் சரி. எண்கள் வேறாயினும் வயது ஒன்றே.

இனி வகுப்பு. "பத்தாம் வகுப்புப் படிக்கிறேன்" என்பது நல்ல தமிழ். "ஐ ஆம் ஸ்டடியிங் டென்த் ஸ்டாண்டர்டு" என்பது அதன் நிழல். படிக்கப்படுவது பாடமே அன்றி வகுப்பன்று. வகுப்பில் நாம் இருக்கிறோம். ஆகவே "ஐ ஆம் இன் தி டென்த் ஸ்டாண்டர்டு" என்க. அமெரிக்கரிடம் பேசினால் "டென்த் கிரேடு" என்றால் புரியும். இங்கிலாந்தில் பள்ளி ஆண்டுகளை ஐந்து வயதிலேயே எண்ணத் தொடங்குகிறார்கள். ஆதலால் நம் பத்தாம் வகுப்புக்கு அங்கே "இயர் லெவன்" என்று பெயர்.

வீட்டுப் பெரியவர்கள் "நான் ஸிக்ஸ்த் ஃபாரம் பாஸ்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பழைய சென்னை ராஜதானியில் ஆறாம் வகுப்பே "ஃபர்ஸ்ட் ஃபாரம்". ஆகவே "ஸிக்ஸ்த் ஃபாரம்" என்பது எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் பதினோராம் வகுப்பு. 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைப் படிப்பு வந்த பின் அப்பரீட்சை பத்தாம் வகுப்பிற்கு இறங்கிற்று. ஃபாரம் என்ற பேச்சும் மறைந்தது. மற்றொரு பிரயோகம்: "ஐ பாஸ்டு அவுட் இன் 2015" என்று நம்மவர் சொல்வர். அயல் நாட்டார் இதைக் கேட்டால், அவ்வாண்டில் இவர் மூர்ச்சை போட்டு விழுந்தாராக்கும் என்று இரங்கக்கூடும். "ஐ ஃபினிஷ்டு ஸ்கூல் இன் 2015" என்றால் வீண் அனுதாபம் வேண்டியிராது.

மூன்றாவது வாக்கியத்தில்தான் உண்மையான கஷ்டம் இருக்கிறது. "ஐ ஆம் இன்டரஸ்டிங் இன் மியூஸிக்" என்றால் சங்கீதத்தில் ஆசை என்று பொருளாகாது. தாமே சுவாரஸ்யமான மனிதர் என்று பறை சாற்றுவதாகும். "ஐ ஆம் இன்டரஸ்டெட் இன் மியூஸிக்" என்பதே சரி. ஆனால் இலக்கணம் திருந்திவிட்டால் மட்டும் போதுமா? "மை ஹாபி ஈஸ் ஸ்டாம்ப் கலெக்டிங்" என்று கைடு புத்தகம் சொல்லிக் கொடுக்கிறது; வகுப்பில் நாற்பது பேரும் அதையே ஒப்பிக்கிறார்கள். "குமரனுக்கு 2004-ல் தபால் தலை வெளியிட்டார்களே, அது உன்னிடம் இருக்கிறதா?" என்று எதிரே இருப்பவர் கேட்டால் என்ன ஆகும்? இரவல் சட்டையின் கை நீளம் அங்கே தெரிந்துவிடும்.

இதற்குச் சிறந்த பாடம் ஒரு கடிதத்தில் இருக்கிறது. சென்னிமலைக்கு அருகே ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் ஹார்டிக்கு எழுதியது அது. தாம் சென்னைத் துறைமுக அலுவலகத்துக் குமாஸ்தா என்றும், சம்பளம் ஆண்டுக்கு 20 பவுன் என்றும் முதலில் கூறினார். வயது சுமார் 23 என்றார். 1887 டிசம்பரில் பிறந்த அவருக்கு உண்மையில் 25 நிரம்பியிருந்தது. கணித மேதையின் கணக்கு அந்த ஓரிடத்தில் மட்டும் சறுக்கிற்று! சர்வகலாசாலைப் படிப்பு இல்லை, சாதாரணப் பள்ளிப் படிப்பே உண்டு என்று கூசாமல் எழுதினார். கணிதம் தமக்குப் பொழுதுபோக்கு என்று அவர் சொல்லவில்லை. பள்ளியை விட்டபின் கிடைத்த ஓய்வு நேரத்தையெல்லாம் கணிதத்தில் செலவிட்டு வருவதாகச் சொன்னார். ஹார்டியை வியக்க வைத்தவை கூட அனுப்பிய சூத்திரங்களே. ஆயினும் எழுதியவர் யார் என்பதைச் சில வரிகளில் அவை சொல்லிவிட்டன. 1914-ல் ராமானுஜன் கப்பலேறினார். 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினரானார்.

விருப்பத்தின் பெயரைச் சொல்வதைவிட, அதற்காக நாம் செய்யும் காரியத்தைச் சொல்வது மேல் என்பதே அதிலுள்ள பாடம். போர்வை நெசவுக்குப் பேர்போன சென்னிமலையில் பாவும் ஊடையும் அறிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். தறியைச் சொன்னால் கௌரவக் குறைவு என்றெண்ணி, கண்ணால் காணாத கோல்ப் ஆட்டத்தைச் சொல்வானேன்? ஒரு பெண் இப்படிச் சொல்லட்டுமே: "ஐ ஆம் ஃபிஃப்டீன். ஐ ஆம் இன் தி டென்த் ஸ்டாண்டர்டு. ஆன் ஸண்டேஸ் ஐ ட்ரா பார்டர்ஸ் ஃபார் தி பெட்ஷீட்ஸ் மை ஃபாதர் வீவ்ஸ்." அப்பா நெய்யும் போர்வைகளுக்கு ஞாயிறுதோறும் கரை வரைகிறேன் என்பது பொருள். இதில் கடினமான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "என்ன கரை? எப்படி வரைவாய்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அவளிடம் விடை உண்டு.

இவ்வாரப் பயிற்சி: வீட்டிலுள்ள பிள்ளைகள் தங்கள் வயது, வகுப்பு, விருப்பம் மூன்றையும் இவ்விதம் எழுதிப் பெற்றோரிடம் உரக்கப் படித்துக் காட்டட்டும். மூன்றாவது வாக்கியம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்துமானால், அதை அடித்துவிட்டு மறுபடி எழுதுக. அடுத்த வாரம், ஊரையும் உறவினரையும் இங்கிலீஷில் சொல்லும் வகையைப் பார்ப்போம்.