வயதைப் பார்த்தால் போதுமா?

10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் ஒழித்தாலே தில்லி மூச்சுவிடும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். வண்டியின் வயதை வைத்து அதன் புகையை எப்படிக் கணக்கிடுவது? புகையை அளக்கும் முறையே சரியில்லை. பெட்ரோல் பங்க் ஓரத்துப் புகைப் பரிசோதனைக் கூண்டைப் பாருங்கள். நின்றபடி உறுமும் வண்டியின் புகைக்குழாயில் ஒரு குழலைச் செருகுகிறார்கள். சற்று நேரத்தில் சான்றிதழ் கைக்கு வந்துவிடுகிறது. நைட்ரஜன் ஆக்சைடு அங்கே அளக்கப்படுவதே இல்லை. சாலையில் ஓடும்போது வண்டி கக்குவதும் கணக்கில் வராது. முதலில் இந்தப் பரிசோதனை முறையைத் திருத்த வேண்டும்.

அடுத்தது பேருந்து. 2001க்குள் தில்லிக்கு 10,000 பேருந்துகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998இலேயே உத்தரவிட்டது. 20 ஆண்டு கழித்தும் அரசுப் பேருந்துகள் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. போதிய பேருந்து இல்லாத ஊரில், பழைய ஸ்கூட்டரைப் பறிகொடுக்கும் ஒரு தச்சர் மறுநாள் வேலைக்கு எதில் போவார்? அந்தக் கட்டுரையில் இதற்குப் பதிலாக ஒரு வரிகூட இல்லை.